மோத்தியின் அளவுக்கயிறு

வயதான குதிரைக்குக் கொள்ளு ஊறவைத்தால் மட்டும் போதாது சார். குழைய வேகவைத்து மசிக்க வேண்டும். எங்கள் மோத்திக்கு இருபத்தாறு வயது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்துவிட்டன. வைக்கோல் போட்டால் சப்பிவிட்டு உருண்டை உருண்டையாகத் துப்பும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் வெந்நீரில் கரைத்து, நாளைக்கு நாலு வேளை வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜெயராணியிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவள் அவசரக்காரி. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

காரிமங்கலம் பக்கம் கல்யாண ஊர்வலம் என்றால் மாப்பிள்ளை ஏறுவது மோத்தி மேல்தான். என் வீட்டுக்காரர் முகம்மது கவுஸ் அதன் மேல் உயிரையே வைத்திருந்தார். அது இளைக்கிறதா என்று பார்க்க ஒரு நூல்கயிறு வைத்திருந்தார். அதில் ஒரு முடிச்சு. தினமும் காலையில் மோத்தியின் வயிற்றைச் சுற்றி, நுனியை முடிச்சோடு சேர்த்துப் பிடிப்பார். கயிறு வயிற்றோடு ஒட்டி நின்றால் சரி. இடையில் கை நுழைந்தால் குதிரை இளைத்திருக்கிறது, அன்றைக்கு எனக்குச் சோறில்லை.

"அதுக்கே வயிறு நெறையல, ஒனக்கு என்னாடி சோறு?" என்பார். அடிக்க மாட்டார். குரலைக்கூட உயர்த்த மாட்டார். ஊரில் அவரைத் தங்கமான மனிதர் என்பார்கள்.

கல்யாணமான மறுவருஷம் ஏழாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே போனது. பெண். ஹுமேரா என்று பெயர் வைத்திருந்தேன், மனசுக்குள். கயிற்றால்தான் போனாள் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் நாலு நாள் கயிற்றுக்குள் கை நுழைந்தது, அவ்வளவுதான். அவளை நினைக்காமல் ஒரு நாளும் நான் வாயில் சோறு வைத்ததில்லை சார்.

போன ஆடியில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போனது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தோம். திரும்பி வந்தால் மோத்திக்கு விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. பார்த்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான். வாயில்லா ஜீவன், அது என்ன செய்யும்?

அவர் கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டேன். வெளியே மோத்தியைக் கட்டினேன். மறுநாள் காலை, அவர் கண்ணெதிரே கயிற்றைச் சுற்றினேன். கை தாராளமாக நுழைந்தது. அவருக்குக் காய்ச்சிய கஞ்சியை மோத்தியின் தொட்டியில் ஊற்றினேன். அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அவர் அதுகூடக் கொடுத்ததில்லை.

அப்புறம் தினமும் அப்படித்தான். துணி மாற்றினேன், முதுகு துடைத்தேன், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தேன். ஒருநாள் ஜெயராணி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் ரொம்ப எளைச்சுட்டாருங்களே அக்கா? சாப்புடறாருங்களா?"

"தொண்டையில எறங்க மாட்டேங்குது ஜெயா" என்றேன்.

"மோத்தி மட்டும் நல்லா தேறிடுச்சுங்க" என்றாள்.

அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நாற்பத்தோராம் நாள் அவர் போனார். நான் புதிதாக எதுவும் செய்யவில்லை சார். அவர் கயிறு, அவர் சட்டம். அதன்படி நடந்தேன். ஒரு விரல்கூட மாற்றவில்லை என்றுதான் முதலில் எழுதிக் கொடுத்தேன்.

அதை மட்டும் அடித்துவிடுங்கள். இருபதாம் நாள் காலையிலேயே கயிறு மோத்தியின் வயிற்றோடு ஒட்டி நின்றது. ஜன்னலுக்குள்ளிருந்து அவர் அதைப் பார்த்தார். கஞ்சிக்கு வாயைத் திறந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிச்சை அவிழ்த்து, நாலு விரல் தள்ளிப் போட்டேன். மறுபடி கை நுழைந்தது.