மஞ்சள் வாசம் இல்லாத நோட்டு

அமீர் அலி: என்னக்கா இது... எல்லாரும் நோட்டை எண்ணிப் பாப்பாங்க. நீங்க மோந்து பாக்குறீங்க?

அம்சவேணி: நல்லா இருக்கு பாய்.

அமீர் அலி: நல்லா இருக்கா? அது என்ன, பிரியாணியா?

அம்சவேணி: மஞ்சத்தூள் வாசம் இல்ல. அதான்.

அமீர் அலி: நம்ம ஊரு டீ, லபெயே, சொல்லட்டா? சூடா ஒண்ணு குடிச்சிட்டு...

அம்சவேணி: டீ இருக்கட்டும். பேச்சை மாத்தாதீங்க. மூணு மாசமா, என் மகன் கார்த்தி சிங்கப்பூர்லேருந்து அனுப்பினான்னு நீங்க குடுத்த நோட்டெல்லாம் மஞ்சளா இருந்துச்சு.

அமீர் அலி: இது துணிக்கடை அக்கா. எத்தனையோ கை தொட்ட நோட்டு வரும்...

அம்சவேணி: க்யிம்யிண்டைங் சந்தையில மஞ்சள் அரைச்சு விக்கிறவ நான். என் கைபட்ட நோட்டு எனக்குத் தெரியாதா?

அமீர் அலி: அக்கா...

அம்சவேணி: கப்பல் பட்டறையில கார்த்திக்கு வேலை போச்சுன்னு இருதயம்மாதான் சொன்னா. அவ மகன் ஜெரால்டும் இவனும் அங்க ஒரே ரூம். அன்னைக்கே உங்ககிட்ட ஓடி வந்தேன். மாசாமாசம் நான் குடுக்குறேன், ஜெரால்டு கைமாத்து குடுக்குற மாதிரி போய்ச் சேரட்டும், எனக்கு விஷயம் தெரியும்னு அவனுக்குத் தெரியவே கூடாதுன்னேன்.

அமீர் அலி: அப்படித்தான் செஞ்சேன். உண்டியல்ல நோட்டு கடல் தாண்டாதுக்கா. இங்க நீங்க என்கிட்ட குடுத்தா, அங்க என் தம்பி ஜெரால்டு கையில டாலரா குடுப்பான்.

அம்சவேணி: அதை கார்த்தி வாங்கி...

அமீர் அலி: மறுநாளே என் தம்பிகிட்ட கொண்டுவந்து, 'சம்பளம் வந்துடுச்சு, அம்மாவுக்கு அனுப்புங்க'ன்னுட்டான். நான் என்ன செய்ய? உங்க கட்டு கல்லாவுலயே கிடந்துச்சு. அப்படியே எடுத்து நீட்டினேன்.

அம்சவேணி: கமிஷன்கூட எடுக்கல நீங்க.

அமீர் அலி: அதுல போய் எப்படிக்கா எடுக்குறது... சரி, முதல் மாசமே கண்டுபிடிச்சவங்க, ஏன் மறுபடி மறுபடி கொண்டு வந்தீங்க?

அம்சவேணி: போன்ல 'பணம் வந்துச்சாம்மா?'ன்னு கேப்பான். 'வந்துச்சுய்யா'ம்பேன். அப்ப அவன் குரல்ல ஒரு தெம்பு வரும் பாருங்க... வேலை இல்லாத பிள்ளைக்கு அதையாவது குடுக்கணும்ல.

அமீர் அலி: இனி அது வேண்டாம்க்கா. போன மாசம் வேற இடத்துல சேந்துட்டான். இது நிஜச் சம்பளம்.

அம்சவேணி: வாசமே சொல்லிடுச்சே. இந்தாங்க, முறுக்கு. உங்களுக்காகத்தான் சுட்டேன். நீங்க செஞ்சத நான் உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் பாய்.

அமீர் அலி: என்னத்தச் செஞ்சேன்... கல்லாவைத் திறந்து மூடினேன்.

அம்சவேணி: விளையாடாதீங்க. ஒண்ணு மட்டும் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. காசு மொத்தமும் இங்கேயே திரும்பிடுச்சு. ஜெரால்டுக்கும் பாதிச் சம்பளம். அப்ப இந்த மூணு மாசமும் என் பிள்ளை என்ன சாப்பிட்டான்?

அமீர் அலி: அதை விடுங்கக்கா.

அம்சவேணி: பட்டினி கிடந்தானா?

அமீர் அலி: மூணு வேளையும் என் தம்பியோட சாப்பாட்டுக் கடையிலதான். காசு வாங்கல. நான் சொல்லிச் செஞ்சான்னு நினைக்காதீங்க... போன வருஷம் நர்கிஸ் புயல்ல எங்க வீட்டுக் கூரை பறந்தப்ப, வாரம் முழுக்க உங்க வீட்டுலதானே சாப்பிட்டோம். அப்ப ஊருக்கு வந்திருந்த என் தம்பியும் அந்தப் பந்தியில உக்காந்திருந்தான்க்கா.