குறையில்லாத ஆலைக்கு முப்பது மனு

— குறையே இல்லன்னா அதுவும் ஒரு குறையாம் அக்கா. இதை எங்க போய்ச் சொல்லி அழ? பேரு மட்டும் வளர்ச்சி வங்கி. ரெண்டாவது சூளைக்குக் கடன் கேட்டா, "உங்க தாது ஆலை ஓட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, சுத்தி முந்நூறு வீடு இருக்கு, குறைப்பெட்டியில ஒரு மனு கூடவா விழல"ன்னு எழுதிக் கேக்கறாங்க.

— சரிதான். கேக்கத்தான செய்வாங்க.

— நாளைக்குக் காலையில வங்கி அம்மா ஆலைக்கு வராங்க. மனுக்கட்டைப் பார்த்தாத்தான் கடன். ஆலைக்கு மக்கள் தொடர்பு அதிகாரி நான். சூளை வரலன்னா என் நாற்காலி போச்சு. ஊர்ல மனு எழுதிப் பொழைக்கிறவ நீ ஒருத்திதான், அதான் வந்தேன்.

— ரெண்டு வருஷமா இந்தப் படி ஏறாதவன், நாற்காலி ஆடுனதும் ஓடி வந்துட்ட. அந்த ஸ்டூல்ல உக்காரு. நாற்காலி மனு எழுதிக்க வர்றவங்களுக்கு.

— உன் நாற்காலிய நீயே வெச்சுக்க, ஒரு கால் உடைஞ்சு கெடக்கு. நேத்து சொல்லி அனுப்பினேனே, முப்பது மனு, ஆச்சா?

— மேசை மேல கட்டு இருக்கு பாரு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பிரதி.

— காகிதம் என்ன பழுப்பேறிக் கெடக்கு?

— ரெண்டு வருஷத் தேதிக்குப் பளபளன்னு புதுக் காகிதம் இருந்தா அந்த அம்மா சிரிக்க மாட்டாங்களா?

— மூளைக்காரிதான் நீ. இந்த அழுக்கு அறையில உக்காந்து வீணாப் போற. சரி, சின்னச் சின்னக் குறையாத்தான இருக்கு? தெருவிளக்கு எரியல, லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஆலைச் சங்கு சத்தத்துல மாடு மிரளுது, இப்படி?

— படிச்சுப் பாரேன்.

— உன் மனுவையா? "ஐயா அவர்கள் சமூகத்திற்கு"ன்னு ஆரம்பிச்சு மூணு பக்கம் மூக்கைச் சிந்துவ. எனக்கு வேற வேலை இல்லையா?

— பெட்டியில விழுந்ததையாவது படிச்சியா?

— எதுக்கு? வெள்ளிக்கிழமை பெட்டியத் திறப்பேன், அள்ளி வாட்ச்மேன் கையில குடுப்பேன், அவன் சூளையில போடுவான். மஞ்சப் பெயிண்ட் அடிச்சு கேட்டுல ஒரு பெட்டி மாட்டுன்னுதான் வங்கி சொல்லுச்சு. படின்னா சொல்லுச்சு?

— அதுல பாதிக்கு மேல நான் எழுதுனது.

— தெரியுமே. உங்க அக்கா எழுதுறது மூணு பக்கம் சார், நல்லா எரியுதுன்னு வாட்ச்மேனே சொல்வான்.

— சரிதான்.

— முப்பதும் ஒரே கையெழுத்தா இருக்கே, சந்தேகம் வராது?

— எழுதத் தெரியாதவங்க வேற எங்க போவாங்க? கீழ அவங்கவங்க கைநாட்டு இருக்கு. நாளைக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும், ஆமா, என் மனுதான்னு சொல்வாங்க.

— முப்பது பேரையும் எப்படிச் சரிக்கட்டின?

— ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. ஆலை முத்திரையும் உன் கையெழுத்தும் போட்ட பிரதி ஒண்ணு அவங்க கையில இருக்கணுமாம். வெளிய வராந்தாவுல உக்காந்திருக்காங்க. முத்திரை கொண்டு வந்தியா?

— பையில இருக்கு. வரும்போதே பார்த்தேன், தடுப்பூசிக்கு வந்த மாதிரி வரிசையா உக்காந்திருக்கானுங்க. வாங்கி என்ன பண்ணப் போறானுங்க? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கட்டும். மையை எடு.

— "பெற்றுக்கொண்டேன்"னு எழுதிக் கையெழுத்து போடு. அதுக்குக் கீழ "எடுத்த நடவடிக்கை"ன்னு ஒரு கட்டம் விட்டிருக்கேன். அதை நீதான் எழுதணும், உன் கையால.

— எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். "உடனடியாகச் சரிசெய்யப்பட்டது." விளக்குக்கும் அதான், மாட்டுக்கும் அதான்.

— என்ன குறைன்னு பார்த்துட்டு எழுது தம்பி.

— பார்த்து எழுதினா விடிஞ்சிரும். நீ எடுத்து எடுத்துக் குடு, நான் போட்டுக்கிட்டே போறேன். உள்ள யாரு இருமறது, மாமாவா?

— அவர்தான்.

— பீடிய விடச் சொல்லு.

— அவரு பீடியத் தொட்டதே இல்ல. உன் ஆலையில கல் உடைக்கிற மெஷின் பக்கத்துல பதினாலு மாசம் நின்னாரு. வேலைக்குச் சேர்த்துவிட்டதே நீதான்.

— ஆரம்பிச்சுட்டியா? எவன் இருமினாலும் ஆலைத் தூசி, எந்தக் கிணறு நாறினாலும் ஆலைக் குட்டை. இந்த ஜனங்களுக்குச் சம்பளம் மட்டும் இனிக்கும். அடுத்ததைக் குடு.

— ரெண்டாவது சூளை வந்தா கழிவுக் குட்டை எதுவரைக்கும் வரும்?

— வரைபடத்துல உங்க தெருக் கிணறு வரைக்கும். இப்ப மட்டும் அந்தத் தண்ணிய யாரு குடிக்கறா?

— யாராலயும் குடிக்க முடியல, அதனாலதான் கேட்டேன். குட்டை இங்க வந்துட்டா நாங்க யாரும் இருக்க முடியாது. ராத்திரி படுத்தா அந்த ஒரு பயம்தான் எனக்கு.

— பயந்து என்ன பண்ணுவ, மனு எழுதுவியா? செவிடன் காதுல ஊதின சங்கு.

— அம்மா, என்னுது ஆச்சா?

— ஆச்சு தையக்காரம்மா, இந்தா. மை காயல, மடிக்காத. மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா வரச் சொல்லு.

— முத்திரை நல்லா வட்டமா விழுந்திருக்கும்மா.

— விழுந்திருக்கு. போ, நிக்காத.

— அது ஏன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு போகுது?

— முத்திரையப் பார்த்த சந்தோஷம்.

— ஒரு ரப்பர் கட்டைக்கா? இந்தக் கூட்டத்தை வெச்சுக்கிட்டு வளர்ச்சி வேணுமாம், வளர்ச்சி. அந்த வங்கிக்காரி மட்டும் என்ன ஒழுங்கு? குளிர்பதன அறையில உக்காந்துகிட்டு ஏழைங்க குறையைக் கேக்கறாளாம். நாளைக்குக் கட்டைத் தூக்கிக் காட்டினா எண்ணிப் பார்த்துட்டுப் போயிருவா. காகிதத்தை யாரும் படிக்கிறதில்ல அக்கா, எடைதான் போடுவாங்க. நான் இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டது அதான்.

— இன்னும் நாலு இருக்கு.

— குடு, குடு. ஆச்சு. கை விட்டுப் போச்சு. வெளிய ஆள் சத்தத்தையே காணோம்?

— கடைசி ஆளும் வாங்கிக்கிட்டுப் போயாச்சு.

— விட்டது சனி. என் கட்டைக் குடு. ஒண்ணு ரெண்டாவது நாளைக்குச் சொல்லத் தெரியணும். மேல இருக்கறது எது, மாடு மிரண்டதா?

— இப்பவாவது படி.

— "ஆலையில் கல் உடைக்கும் பகுதியில் முகமூடி கேட்டும் தராததால், என் கணவருக்கு நெஞ்சு முழுக்கத் தூசி அடைத்து..." என்ன இது? கீழ உன் பேரு இருக்கு. அடுத்தது, "கழிவுக் குட்டை நீர் எங்கள் கிணற்றில் இறங்கி ஆறு மாதமாக..." அக்கா, தெருவிளக்கு எங்க?

— தெருவிளக்கு நல்லாத்தான் எரியுது. இதெல்லாம் நீ சூளையில போட்டதோட கார்பன் பிரதி. எதை எழுதினாலும் மூணா எழுதுறது என் வழக்கம். ஒண்ணு எரிஞ்சுது, ரெண்டு இருந்துது.

— "பெற்றுக்கொண்டேன்"னு... "உடனடியாகச் சரிசெய்யப்பட்டது"ன்னு நானே... முப்பதுலயும். அந்த இன்னொரு பிரதி எங்க? கூப்பிடு அவங்கள.

— ஓடாத, பிரயோஜனம் இல்ல. வங்கி அம்மா ஆலைக்குத்தான் நாளைக்கு வராங்க. ஊருக்குக் காலையிலேயே வந்தாச்சு. தையக்காரம்மா வீட்டுல, நம்ம கிணத்துத் தண்ணிய ஒரு சொம்புல முன்னால வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. பிரதியெல்லாம் அங்கதான் போயிருக்கு.

— அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னது?

— நான்தான் வங்கிக்கு எழுதினேன். முத்திரை இல்லாத காகிதத்தை வெச்சுக் கடனை நிறுத்த முடியாதுன்னு எனக்குப் பதில் போட்டிருந்தாங்க. "ஒரு மனு கூடவா விழல"ன்னு உன்னைக் கேக்கச் சொன்னது என்னோட முப்பத்தியோராவது மனு தம்பி. அதை மட்டும் உன் பெட்டியில போடல.