ஊதாத சங்கு

— உலக்கை என் கையில, உன் கை உரலுக்குள்ள. இப்பவாவது சொல்லு ஓஷினோ. அன்னிக்கு உன் வீட்டுக்காரன் மலை மேல என்னதான் பண்ணிட்டிருந்தான்?

— சங்கு ஊதுற ஆள், பிரபு பக்கத்துல நின்னார். மெதுவா குத்துங்க ஓகுமே அக்கா. புத்தாண்டுக்கு ஒட்டரிசி உருண்டைதான் வேணும், என் விரல் வேண்டாம்.

— மூவாயிரம் பேர் மலையில. கீழே ஆத்துத் துறையில நம்ம கூட்டாளிப் படை அடி வாங்குது. இறங்கியிருந்தா இன்னிக்குக் கியோட்டோல நம்ம கொடி. பிரபு படைக்குச் சைகை காட்டுற விசிறியைத் தூக்குவாராம், இறக்குவாராம். ஈ ஓட்டினாரா?

— ரெண்டு தடவை இறக்கினார். மூடுபனி விலகட்டும்னு ஒண்ணு. தன் மச்சான் படை முதல்ல இறங்கட்டும்னு ஒண்ணு.

— ஆமா, விருந்துல யார் முதல்ல கை நனைக்கிறதுங்கிற மாதிரி.

— மூணாவது தடவை தூக்கின விசிறியை இறக்கலைக்கா.

— என்னடி சொல்றே? ஊர்ல ஒருத்தரும் இதைச் சொல்லலையே.

— இறங்கச் சொல்லி உத்தரவு. இவர் சங்கை எடுத்து ஊதினார். சத்தமே வரலை. கன்னம் வீங்கினதுதான் மிச்சம்.

— அப்புறம்?

— சங்கு வாய் திறக்கலைன்னா அன்னிக்குப் போர் இல்லை. அது பிரபு வீட்டு வழக்கம். பிரபுவும் விசிறியை மடிச்சு இடுப்புல செருகிட்டார்.

— ஒரு சங்கை நம்பியா? எடுத்துச் சொல்ல ஆளில்லையா?

— கிழட்டுத் தளபதி கால்ல விழாத குறையாச் சொன்னாராம். காதுலயே போட்டுக்கலை.

— என் தம்பி யாசுகே, பெண்ணெடுத்த ஊர்ப் படையோட போனவன், அந்தத் துறையில நின்னான். "இதோ இறங்கிடுவாங்க"ன்னு மலையைப் பார்த்துக்கிட்டே செத்தானாம். அதான் கேக்குறேன், வம்புக்கு இல்லை. சரி, வம்புக்கும்தான்.

— தெரியும்கா.

— மடையன், சங்கை முன்னாடியே ஊதிப் பார்க்கிறதுக்கென்ன?

— கூடாது. புறப்படறதுக்கு முன்னாடி மூணு நாள் சாமி மாடத்துல இருக்கணும். அப்புறம் போர்க்களத்துலதான் வாய் வைக்கணும்.

— யார் வீட்டு மாடத்துல?

— எங்க வீட்டுல.

— உள்ளே என்ன, எலி கூடு கட்டிருச்சா?

— எலி இல்லைக்கா. இது.

— எது?

— இந்த உரல்ல இருக்கிறது. ஒரு கைப்பிடி உள்ளே அடைச்சேன். மூணு நாள்ல கல்லாயிடும்னு தெரியும். சங்கு ஊதலைன்னா அவர் உயிரோட திரும்பி வந்துடுவார்னும் தெரியும். கீழே யாசுகே நிக்கிறான்னுதான் தெரியாது.

— உலக்கை கனக்குது, ஓஷினோ. கையை வெளிய எடு.

— எடுக்க மாட்டேன்கா. நீங்க குத்துங்க.