கதவுக்கு வெளியே மருமகள்

— கதவத் தட்டாதீங்க மதினி. துறக்க மாட்டன். இருமல் இன்னும் நிக்கல்ல, புள்ளைக்கு ஒட்டிரும்.

— துறகா ஹிமாயா. மிட்வைஃப் மிஸ் இப்பதான் வந்திட்டுப் போறா. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு நீயே பால் குடுக்கட்டாம்.

— காச்சல்காரிட பாலையா?

— நானும் அப்பிடித்தான் கேட்டன். "உங்கட மதினி சயன்ஸ் படிச்சவதானே, அவக்கிட்டயே கேளுங்க" எண்டு சிரிக்கா. பாலுக்குள்ள கிருமி வராதா?

— இந்தக் காச்சல் பாலால போறல்ல. இருமலாலதான் போகும். படிச்சதுதான் மதினி. பயத்தில ஒண்டும் ஞாபகம் வரல்ல.

— மறுகா, பாலால என்னதான் போகும்?

— கிருமி உள்ளுக்கு வந்தா உடம்பு அதுட மூஞ்சப் பார்த்து வச்சிக்கிடும். அந்த மூஞ்சியப் புடிக்கெண்டே ஒண்டச் செய்யும். பிறபொருளெதிரி எண்டு புத்தகத்தில இரிக்கி. அது பாலுக்குள்ளயும் வரும். கைக்குழந்தைக்கு அதத் தானாச் செய்ய இன்னும் சரியா ஏலா.

— என்ன புதினம்! அப்ப, அவளுக்கு வேண்டியத உன்ட உடம்பு செஞ்சி வச்சிரிக்கி. நீ அத இத்தின நாளும் புழிஞ்சி ஊத்தியிரிக்காய்.

— சொல்லிக் காட்டாதீங்க.

— சும்மா சொன்னன்கா. துற. என்ட மருமகள் கையச் சூப்பிக்கிட்டிரிக்காள்.

— பாவம். மாப்பால் குடிச்சி வயித்தால போகல்லையா?

— அவள் போத்தலத் தொடவே இல்லகா. வாயில வச்சாத் துப்புறாள். கத்திக் கத்திக் குரலும் அடச்சிட்டு.

— மறுகா?

— எனக்கிட்டதான் பால் இரிக்கே. மகன் றிஸ்கானுக்கு ஒரு பக்கம், இவளுக்கு ஒரு பக்கம்.

— வயிறு நெறையவா? அஞ்சு தரத்துக்கு மேலயா?

— அஞ்சு எப்பவோ தாண்டிட்டு.

— அப்ப மார்க்கச் சட்டப்படி நீங்க அவக்குப் பால்தாய். றிஸ்கான் அவக்குக் கூடப்பொறந்த காக்கா மாதிரி. ரெண்டு பேரும் நிக்காஹ் முடிக்க ஏலாதே மதினி. பொறந்த அண்டைக்கே றிஸ்கானுக்கெண்டு கேட்டு வச்சது நீங்கதானே. உங்கட புருசன், என்ட காக்காக்கிட்டயும் சொல்லிச் சந்தோசப்பட்டீங்க.

— ஓம்.

— அவசரத்தில மறந்திட்டீங்களா?

— இல்ல. நெனச்சிக்கிட்டுத்தான் குடுத்தன். கதவத் துறகா, என்ட மகளுக்குப் பசிக்கி.