பச்சை ரப்பர் கொட்டை

மீன் தீனி செய்வது பெரிய வித்தை இல்லை. தவிடு, நெத்திலித் தலை, வெந்த மரவள்ளி, இடித்த ரப்பர் கொட்டை. எல்லாவற்றையும் பிசைந்து உருட்டிக் காயப்போட்டால் முடிந்தது.

கொட்டையில் மட்டும் கவனம் வேண்டும். அதில் நஞ்சு உண்டு. ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில் அதையும் அவித்துத் தின்றவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு மங்களம் ஈப்போ டவுனில் வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாது.

எண்பத்திரண்டாம் வருடம் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் நானும் என் வீட்டுக்காரரும் ஈப்போவுக்கு வந்தோம். கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் விட்டேன். அந்தத் தண்ணீர் ஜல்லி நிரப்பிய பீப்பாய்களுக்குப் போகும்; அதில் கங்கோங் கீரை தழைக்கும்; வடிந்த தண்ணீர் மறுபடி தொட்டிக்கே வரும். பார்க்க வந்தவர்களெல்லாம் வீரம்மாவுக்குக் கைராசி என்றார்கள். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்கு நான் அலைந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மங்களமும் என்னைப் பார்த்துத் தொட்டி கட்டினாள். ஒரே வருடத்தில் அவள் மீன் என் மீனைவிடப் பெருத்தது. வந்தவர்கள் என் வாசலைத் தாண்டி அவள் கொல்லைக்குப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் வேலியோரம் வந்து கேட்டாள். “ரப்பர் கொட்டைய அப்படியே இடிச்சுப் போடலாமாக்கா?”

“போடலாம் லா. பச்சையா போட்டாத்தான் சத்து.”

மீன் சாகட்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் கொட்டைகளை உடைத்துப் பருப்பைச் சாக்கில் பரப்பிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அவளுடைய மூன்று வயது மகள் பாப்பா சாக்கருகே உட்கார்ந்து பருப்பை ஒவ்வொன்றாக வாயில் போட்டது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்தேன். துப்பு என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட்டால், நேற்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மங்களம் கேட்பாள். அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க முடியாமல் வீட்டுக்குள் போனேன். பறித்த கீரையைக் கழுவினேன்.

இரண்டு மூன்று பருப்புக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனை தின்றது என்று நான் எண்ணவில்லை.

பிள்ளை வாந்தி எடுத்துச் சுருண்டதும் டாக்சியில் நானும் கூடப் போனேன். என் மடியில்தான் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன தின்றது என்று இரண்டு தடவை கேட்டார். மங்களம் அழுதபடி என்னைப் பார்த்தாள்.

“நீங்க ஏதாச்சும் பாத்தீங்களாக்கா?”

“இல்லையே” என்றேன். அப்போது பிள்ளைக்கு மூச்சு இருந்தது.