கையெழுத்துப் போட்ட நாற்பது புத்தகம்

அரியலூரில் இலக்கிய விழா முடிந்த சாயங்காலம், பெரம்பலூர் பஸ்ஸில் இருந்தவர்கள் ஆறே பேர்: டிரைவர், கண்டக்டர், முந்திரிக்கொட்டை மூட்டையோடு உடையார்பாளையத்து அம்மா ஒருவர், எனக்கு முன் சீட்டில் கதைப் புத்தகம் எழுதிய ஒருவர், அதைக் கடனுக்கு அச்சடித்துக் கொடுத்த பிரஸ்காரர், அப்புறம் நான்.

“நாப்பது புஸ்தவம் போயிருக்கு. காசு எங்கய்யா?” என்றார் பிரஸ்காரர்.

“கையெழுத்து கேட்டாங்கண்ணே. ‘அன்புடன்’னு எழுதிக் குடுத்தேன். அப்படி எழுதிப்புட்டு மூணு ரூபா எடுங்கன்னு எப்படிங்க கேக்குறது?”

“நாப்பது பேருக்குமா அன்பு?”

“மைக்செட்டுக்காரருக்கு மட்டும் ‘மிக்க அன்புடன்’.”

“அப்ப என் முந்நூறு ரூவா?”

எழுத்தாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடன் என்னுடையது போல நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

முந்திரி அம்மா எட்டிப் பார்த்தார். “மருமவளுக்கு ஒண்ணு குடு தம்பி. படிச்ச புள்ள.”

எழுத்தாளர் பேனாவைத் திறந்தார். பிரஸ்காரர் அதை வெடுக்கென்று பிடுங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“மூணு ரூவாம்மா. காசு மொதல்ல.”

அந்த அம்மா சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார்.

“பாத்தியா? இப்படித்தான்யா விக்கணும்!”

கண்டக்டர் வந்து, விற்காத புத்தகக் கட்டைத் தட்டிப் பார்த்தார். “லக்கேஜ் மூணு ரூபா.”

“சார், உங்களுக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டு...” என்று இழுத்தார் எழுத்தாளர்.

“அன்பெல்லாம் டிப்போல வாங்கிக்க மாட்டாங்க சார்.”

பிரஸ்காரர் அந்த மூன்று ரூபாயை எடுத்து நீட்டினார்.

“பாக்கி முந்நூறு,” என்றார் எழுத்தாளரைப் பார்த்து.