கோலமாவில் இல்லாத வீடு

பெயர்: தைலம்மாள், வயது 66, கணவர் பெயர்: அரங்கநாதன் (காலஞ்சென்றவர்). விலாசம்: 2/17, நடுத்தெரு, மேல்நெல்லிப்பாடி, கல்வராயன்மலை வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் மகன், மருமகள், பேத்தி ஷாலினி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவேன், ரேகை வைக்கும் பழக்கம் இல்லை. ஊர் மகளிர் குழுவுக்குப் பதினோரு வருடமாக நான்தான் தலைவி. சாலம்மாளைக் காணவில்லை என்று ரிஷிவந்தியத்திலிருந்து அவள் தம்பி தீனதயாளன் கொடுத்த புகாரில் போன திங்கட்கிழமை போலீசார் ஊருக்கு வந்து என்னை விசாரித்தபோது, அப்படி ஒரு பொம்பளை எங்கள் ஊரில் இல்லை என்று சொன்னேன். அது பொய். இப்போது நானாக ஸ்டேஷனுக்கு வந்து சொல்வதாவது.

எங்கள் ஊர்ச் சாமையை அரைக்கக் கச்சிராயபாளையத்துக்கு மூட்டையாக பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். ஊரிலேயே மெஷின் ஷெட் வருவதாகவும், அதற்கு ஊர்க்காரர்களே கூடித் திட்டம் போட வேண்டும் என்றும் சொல்லி, திட்ட ஆபீசிலிருந்து எழில்மதி என்ற பெண் பயிற்சி கொடுக்க வந்தது. கோயில் களத்தில் கோலமாவால் ஊரை வரையச் சொன்னது. அவரவர் வீட்டை அவரவரே வரைந்து, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். ரோட்டையும் ஓடையையும் நான் வரைந்தேன். ஒரு இடத்தில்கூடக் கோடு கோணவில்லை.

லாரி வந்து திரும்புகிற மாதிரி இருந்த ஒரே இடம் சாலம்மாள் வீடு இருந்த மேடு. அவள் தனி ஆள், பட்டா கிடையாது, இடத்தை விடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அன்று அவளும் வந்து வீட்டை வரைந்து ஒரு கொட்டை வைத்தாள். காலி இடமாக இருந்தால்தான் ஷெட் வரும் என்பதால், அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், எழில்மதி போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, நான் அந்த வீட்டையும் கொட்டையையும் முந்தானையால் துடைத்துவிட்டு அங்கே ஷெட்டை வரைந்தேன். பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்து, "யக்கா, என் வூடு இன்னாக்கா ஆச்சி?" என்றாள். என் பக்கத்து வீட்டு அம்மாசி, "ஓடையில அடிச்சிக்கினு பூடிச்சி, போய் தேடு" என்றார். எல்லோரும் சிரித்தோம். "அப்ப நான் எங்கக்கா இருக்கறது?" என்று கேட்டாள். நான் முந்தானையில் ஒட்டியிருந்த கோலமாவைத் தட்டிவிட்டேன். அதன் பிறகு எழில்மதி படத்தைச் சார்ட்டில் எடுத்து எழுதி, முப்பத்தெட்டு வீடு என்று போட்டது. அவள் வீட்டோடு சேர்த்தால் முப்பத்தொன்பது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஊரில் யாரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்துக் குழாய் போட்டவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். குழாயடியில் அவள் குடத்தோடு நின்றால் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நாய்கள் அவளைப் பார்த்துக் குரைப்பதும் இல்லை, வாலாட்டுவதும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் என் வாசலில் வந்து நின்று "யக்கா" என்று கூப்பிட்டாள். பேத்தி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "யாரும் இல்ல ஆயா" என்றது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலில் அவள் காலைப் பார்த்தேன். என் பேத்தி பொய் சொல்கிற பிள்ளை அல்ல.

அதன் பிறகு தை மாதம் ஜேசிபி வந்தது. ஓட்டுநர் நவுஷாத் கள்ளக்குறிச்சிக்காரர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "ஆயா, இது வூடு மாரி கீதே" என்றார். "ஆட்டுக்கொட்டாப்பா" என்றேன். "அடுப்பு சூடா கீது. களி கிண்டி வச்சிகீது" என்றார். "ஆடு மேய்க்கறவங்க கிண்டி இருப்பாங்க, நீ தள்ளு" என்றேன். உள்ளே ஆள் இல்லை என்று அவர் இரண்டு முறை பார்த்தார். பத்து நிமிடத்தில் மேடு சமமாயிற்று. அன்று முதல் சாலம்மாளை நான் பார்க்கவில்லை.

போன திங்கட்கிழமை போலீசார் போன பிறகு, அவர்களிடம் என்னைப் போலவே சொன்ன அம்மாசியிடம் நான், "சாலம்மா விசயத்துல நாம சொன்னது தப்புதானே" என்றேன். "யாருக்கா சாலம்மா?" என்றார். நடிக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்டார். அதன் பிறகு நானும் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. மூக்கு குத்தியிருந்தாளா என்றுகூடத் தெரியவில்லை. முப்பது வருடம் என் பக்கத்தில் குனிந்து களை எடுத்தவள். பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் போவதற்குள் எழுத்தில் ஏறட்டும் என்று முதல் பஸ் பிடித்து வந்தேன்.

எழுதியதை எஸ்.ஐ. எனக்குப் படித்துக் காட்டினார். அவள் பெயர் வரும் இடங்களில் எல்லாம் வெற்றிடமாக விட்டிருந்தது. "இன்னா பேரு சொன்னீங்க ஆயா?" என்று கேட்டார். நான் பேனாவை வாங்கி, விட்ட இடங்களில் எல்லாம் சாலம்மாள் என்று என் கையால் எழுதினேன். அந்தப் பெயர் தவிர மற்றது அவர் எழுத்து. யாரும் சொல்லிக்கொடுக்காமல், மிரட்டாமல் நான் சொன்னது இது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. தைலம்மாள்